விறைப்பான ஸ்பிரிங் போட்டு, கழற்றி, மறுபடி ஆரம்பித்த 1966 மஸ்டாங்

இந்த வண்டியின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் மேல் உடம்பைத் தாங்குகிற ஸ்பிரிங், ஆர்ம், ஷாக் எல்லாம் சேர்ந்த அமைப்பை, நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை ஒரே வாரக் கடைசியில் முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் அவஸ்தைப்பட்டேன். இரண்டாவது தடவை நான்கு மாதம் இழுத்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் முதலில் எங்கே சறுக்கினேன் என்று சொல்லாமல் பிறகு செய்ததை மட்டும் சொன்னால் பாதி விஷயம் காற்றில் நிற்கும்.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு கூப்பே, 289 வி-8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டியரிங் கிடையாது. பந்தயத்துக்கு இல்லை. ஞாயிறு காலையில் ஓட்ட, அவ்வப்போது வளைவு நிறைந்த மலைப் பாதையில் ஏறி இறங்க, வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை குடும்பத்தோடு நீண்ட தூரம் போக. இந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் முதல் தடவை செலவழித்த காசு மிஞ்சியிருக்கும்.

1964 ஏப்ரலில் மஸ்டாங் வெளிவந்தபோது அதன் அடிப்பகுதியும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் ஃபால்கன் என்ற சிக்கனக் குடும்ப வண்டியிலிருந்து வந்தவை. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் சட்டத்தோடு பிடிக்க ஒரு மேல் ஆர்ம், ஒரு கீழ் ஆர்ம். காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்து ஷாக் டவருக்குள் ஏறி நிற்கும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் திண்ணை மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான் ஷாக் டவர். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் நடுவே. கீழ் ஆர்ம் ஒற்றைக் கை போல மெலிந்தது, அது முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்ட்ரட் ராடு என்கிற நீளக் கம்பி. பின்னால் ஒரு முழு அச்சு, பட்டைகளை அடுக்கிய இரண்டு லீஃப் ஸ்பிரிங் கட்டு, அவ்வளவுதான்.

வாங்கியபோது இருந்த குறைகள்: நேர்ச் சாலையிலேயே ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வளைவில் படகு போலச் சாயும், சாய்ந்தபின் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். ஒரு மேடு ஏறி இறங்கினால் மூன்று தடவை ஆடித்தான் அடங்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கத்திலிருந்து பழைய கட்டில் மாதிரி ஒரு கீச்.

இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. வண்டி தொளதொளவென்று இருக்கிறது, ஆகவே இறுக்க வேண்டும். மொத்தமாக ஒரு கிட் வாங்கினேன். அங்குலத்துக்கு 620 பவுண்டு விறைப்புள்ள முன் ஸ்பிரிங், அதுவும் உயரம் குறைத்தது; பின்னால் அச்சுக்கும் லீஃபுக்கும் நடுவில் வைக்க இரண்டு அங்குல பிளாக்; வளைவில் சாய்வதைக் குறைக்க இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார், 28 மி.மீ. சொச்சம் கனம். இணைப்புகளில் ரப்பர் புஷ் வளையம் உட்காரும் எல்லா இடத்துக்கும் பாலியூரித்தேன் புஷ். பெட்டியில் சிவப்பு எழுத்தில் மிரட்டுகிற ஷாக்குகள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த நண்பன் ஒருவன் வந்தான். ஞாயிறு சாயங்காலம் வண்டி தரையோடு தரையாக நின்றது. பார்க்க அப்படி ஒரு அழகு, அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

ஓட்டினால் வேறு கதை. வழவழப்பான சாலையில் வளைவு நன்றாகத்தான் இருந்தது, சாய்வே இல்லை. கொஞ்சம் ஒட்டுப்போட்ட சாலை வந்ததும் முன்சக்கரங்கள் தரையைத் தொட்டுத் தொட்டுத் தத்தின. வளைவின் நடுவில் ஒரு குழி வந்தால் வண்டி ஒரு அடி வெளியே போய் நிற்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் டங்கென்று ஒரு அடி. சிக்னலில் கொஞ்சம் அழுத்தி எடுத்தால் பின் அச்சு தடதடவென்று குதித்தது. நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே போகிற வேலை மட்டும் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் இன்னும் மோசம். மனைவி இரண்டு மணி நேரப் பயணம் ஒன்று முடிந்து இறங்கியதும், "இனிமே இதுல நீங்க மட்டும் போங்க, நான் பின்னாடி அந்த இன்னொரு வண்டியில வர்றேன்" என்றார். நான் அப்போதும் "ஸ்போர்ட்டியா இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தி வந்தது ஸ்ட்ரட் ராடைப் பார்த்த அன்று. ஆயில் மாற்ற வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியபோது, வலப்பக்க ராடு சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், மரை ஆரம்பிக்கிற மூலையில், முடி கனத்தில் ஒரு துருக்கோடு. நகத்தால் தடவினால் தட்டியது. காரணம் எளிது. சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ராடின் முன்முனை சட்டத்தில் கொஞ்சம் கோணம் மாறியாக வேண்டும். ரப்பர் புஷ் அந்தக் கோணத்துக்கு வளைந்து கொடுக்கும், கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காது. புஷ் வளையாவிட்டால் ராடு வளையும். எத்தனை ஆயிரம் தடவை வளையுமோ, பிறகு முறியும், முறிவது அநேகமாக பிரேக் மிதிக்கும்போதுதான், ஏனென்றால் அப்போதுதான் முழு இழுப்பும் அதன் மேல் விழும். முன்சக்கரம் பின்னுக்குப் போய்ச் சட்டத்தில் இடிப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே வண்டியை நிறுத்தினேன்.

மறுபடி ஆரம்பித்தபோது ஒரு முடிவு: எதையும் வாங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அளப்பது.

முதலில் டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டுகள்) இன்னும் ஆழமாக இருந்ததால் அதை நான் சந்தேகப்படவே இல்லை. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தேன், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். என்னுடையது 2308, அதாவது 2008-ன் 23-வது வாரம். அதிகம் ஓடாத பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து போவதில்லை, காய்ந்து போகிறது. கல் மாதிரி ஆன ரப்பரை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் ஸ்பிரிங்கைப் பற்றி யோசித்திருக்கிறேன். இன்னொரு கூத்தும் உண்டு. வண்டியோடு வந்த பழைய கையேட்டைப் பார்த்து, காற்றழுத்தத்தை (பி.எஸ்.ஐ. கணக்கில்) 20-களிலேயே வைத்திருந்தேன். அது, இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற அந்தக் காலத்துக் கிராஸ்-ப்ளை டயருக்கான கணக்கு. நான் போட்டிருந்ததோ ரேடியல். அழுத்தத்தை 32-க்கு ஏற்றியதும், வேறொன்றையும் தொடாமலே, நேர்ச் சாலைத் தள்ளாட்டத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

அப்புறம் ஸ்டியரிங். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, எஞ்சின் அணைந்த நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். எது முதலில் அசைகிறது, எது அசையாமல் காத்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். என் வண்டியில், ஸ்டியரிங் இணைப்பின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மின் ரப்பர் புஷ் பிய்ந்து, ஆர்ம் முழுவதும் மேலும் கீழும் ஆடியது. அதோடு, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டான டை ராடு எண்டும் ஒன்று போயிருந்தது. "சஸ்பென்ஷன் தொளதொள" என்று நான் பழி போட்டதில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குத்தான் சேர வேண்டும், ஸ்பிரிங்குக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் தடவை கழற்றிப்போட்ட பழைய ஷாக்குகள் இன்னும் ஷெட்டில் கிடந்தன. ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பிடித்துக் கையால் அமுக்கினேன். முதல் நான்கு செ.மீ. எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று, பிறகுதான் ஏதோ கொஞ்சம் பிடித்தது. உள்ளே எண்ணெய் குறைந்து காற்றுக் கலந்துவிட்டால் இப்படித்தான். மூன்று தடவை ஆடி அடங்கியதற்கு இதுதான் காரணம். ஸ்பிரிங்கின் வேலை எடையைத் தாங்குவது, ஆட்டத்தை நிறுத்துவது ஷாக்கின் வேலை. ஷாக் செத்த வண்டிக்கு விறைப்பான ஸ்பிரிங் போட்டால் ஆட்டம் நிற்காது, வேகமாக ஆடும்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரே ஒரு சூத்திரம்தான். வண்டியின் ஒரு மூலை, தன் எடையால் ஸ்பிரிங்கை எத்தனை செ.மீ. அமுக்கி நிற்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், அந்த மூலை ஒரு வினாடியில் இயல்பாக எத்தனை தடவை ஆடும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். 25 செ.மீ. அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஒரு தடவை. 16 என்றால் 1.25. 11 என்றால் 1.5. ஆறேகால் என்றால் 2. சாதாரணப் பயணிகள் கார் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும். 2-க்கு மேல் போனால் அது பந்தய வண்டியின் உலகம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அமுங்குவதைச் சக்கரத்தில் பார்க்க வேண்டும், ஸ்பிரிங்கில் அல்ல. மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால், சக்கரம் 50 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 27 மி.மீ. அளவுக்குத்தான் அமுங்கியது. விகிதம் 0.54. விறைப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுவர அந்த விகிதத்தை இரண்டு தடவை பெருக்க வேண்டும், ஒரு தடவை தூரத்துக்கு, ஒரு தடவை விசைக்கு. ஆக 0.29. கிட்டில் வந்த 620 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 180 பவுண்டுதான். கேட்கச் சின்னதாகத் தெரிகிறது, ஆனால் என் வண்டியின் முன்மூலை எடைக்கு அது 1.6 ஹெர்ட்ஸைத் தாண்டியது. ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு 1.1-க்குக் கொஞ்சம் கீழே. பின்பக்க லீஃப் 1.3.

இப்போது முன் 1.6, பின் 1.3 என்று வைத்துப் பாருங்கள். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தவர், 1930-களிலேயே இதைச் சோதித்துச் சொல்லிவிட்டார். ஒரு மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம், பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால், தாமதமாகக் கிளம்பினாலும் முன்பக்கத்தைப் பிடித்துவிடும், உடம்பு மொத்தமும் மட்டமாக ஏறி இறங்கும். முன்பக்கம் வேகமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கவே முடியாமல் ஏற்றப்பலகை (சீசா) மாதிரி முன்னும் பின்னும் ஆடும். என் மனைவிக்கு வயிற்றைப் புரட்டியது விறைப்பால் மட்டும் இல்லை, இந்த ஏற்றப்பலகையால். நல்ல வேளை, ஃபோர்டு தொழிற்சாலையில் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதைத் தலைகீழாக்கியது நான்.

பின்பக்க டங்குக்கு விடை காண நண்பனின் பிள்ளையிடம் இருந்து கொஞ்சம் விளையாட்டுக் களிமண் வாங்கி, அச்சுக்கு மேலே சட்டத்தில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் எலுமிச்சை அளவுக்கு அப்பி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். களிமண் அப்பளமாகியிருந்தது, அதாவது அச்சு அந்த ரப்பரில் போய் இடித்திருக்கிறது. இரண்டு அங்குல பிளாக் வைத்தால் அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் இரண்டு அங்குலம் போய்விடும், வேறு எங்கிருந்தும் அது திரும்பி வராது. சிக்னலில் அச்சு குதித்ததும் அதே பிளாக்கால்தான். எஞ்சினின் முறுக்கு அச்சைச் சுற்றப் பார்க்கும், லீஃப் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். நடுவில் பிளாக் வைத்தால் அச்சு இன்னும் தள்ளி நின்று நெம்புகிறது, லீஃப் எஸ் போல முறுக்கிக்கொண்டு விடுபடும், மறுபடி முறுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவதைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், இதில் ஆள் போயிருக்கிறது. ஷாக்கை மேலே எடுத்துவிட்டு, ஷாக் டவரின் மேல் ஓட்டை வழியாக உள்பக்க ஸ்பிரிங் கம்ப்ரஸரை இறக்க வேண்டும். வெளியே மாட்டுகிற இரண்டு கொக்கி வகை இந்த வண்டிக்கு வேண்டாம், இடமும் இல்லை. கொக்கிகள் சுருளில் எதிரெதிராகப் பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், மறுபடி டார்ச் அடித்தேன். மரையில் கிரீஸ் தடவி, இம்பாக்ட் கன் தொடாமல், கையால் மட்டும் திருகினேன். பாதி தூரத்தில் ஸ்பிரிங் டிக்கென்று ஒரு சத்தம் போட்டு லேசாகத் திரும்பி உட்கார்ந்தது. நான் கராஜின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து வேலையை முடித்தேன்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் டவரை வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மேல் ஆர்ம் போல்ட் ஆகிற இடத்தைச் சுற்றி இந்த வண்டிகளில் விரிசல் விடுவது வழக்கம். எனக்கு இடப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. அதை வெல்டிங் செய்து, தகடு வைத்த பிறகுதான் அடுத்த வேலை. இரண்டு டவரையும் பின்னால் இருக்கிற ஃபயர்வாலோடு ஒரே துண்டாக இணைக்கிற எக்ஸ்போர்ட் பிரேஸும் அப்போதே போட்டேன். டவர் அசைந்தால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நிற்கிற கோணம், அசையும். அசைகிற சுவரில் ஆணி அடித்து அலைன்மென்ட் பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

அடுத்ததுதான் இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் கிட்டத்தட்டச் செலவே இல்லை. மேல் ஆர்மைப் பிடிக்கும் இரண்டு துளைகளை ஒரு அங்குலம் கீழே தள்ளிப் புதிதாகப் போடுவது. இந்தக் கணக்கைப் போட்டவர் ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங். மஸ்டாங்கைப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றிய 1965 ஷெல்பி ஜி.டி.350-ல் இது தொழிற்சாலையிலேயே வந்தது, அந்த வண்டியை ஓட்டிச் சோதித்துச் சீர்செய்தவர் பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ். செலவைக் குறைக்க 1966-ல் ஒரு கட்டத்தில் ஷெல்பியே இதை விட்டுவிட்டது.

என்ன ஆகிறது என்பதற்குக் கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஆர்ம்தான் முள், நடு மையம் சட்டத்தில், நுனியில் சக்கரம். ஒரிஜினலில் முள் 4 மணியைப் பார்க்கச் சாய்ந்து நிற்கிறது. வண்டி சாய்ந்து வெளிச்சக்கரம் ஏறும்போது முள் 3-ஐ நோக்கி வரும், அப்படி வரும்போது நுனி வெளியே நகரும், சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாயும், டயர் தன் விளிம்பில் நிற்கும். மூக்கு வெளியே தள்ளியதன் காரணம் இதுதான். மையத்தை ஒரு அங்குலம் இறக்கினால் முள் ஏறக்குறைய 3-லேயே ஆரம்பிக்கும். சக்கரம் ஏறும்போது 2-ஐ நோக்கிப் போகும், நுனி உள்ளே வரும், டயர் தரையில் தட்டையாகப் பதியும். வண்டி எவ்வளவு சாய்கிறது என்பது இங்கே இரண்டாம் பட்சம். சாயும்போது டயர் எப்படி நிற்கிறது என்பதே விஷயம். கிட் ஸ்பிரிங் சாய்வையே தடுத்து இந்தக் குறையை மூடி மறைத்தது, ஆர்னிங் குறையையே எடுத்துவிட்டார். கூடுதல் லாபமாக முன்பக்கம் 15 மி.மீ. அளவுக்குத் தானாகவே இறங்கும், அதற்கென்று தனி ஸ்பிரிங் வாங்க வேண்டாம்.

துளை போடும்போது டெம்ப்ளேட்டை நம்பினால் போதாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று தனியாக அளந்துகொள்ளுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம், அதற்கு மேல் போனால் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் கோணம் தாங்காமல் இறுகிக்கொள்ளும்.

கீச் சத்தம் எங்கிருந்து வந்தது என்றும் இப்போது தெரிந்தது. ஸ்பிரிங்கைத் தாங்கும் சேடில் மேல் ஆர்மின் மீது ஒரு ரப்பர் புஷ்ஷில் திரும்புகிறது, அது காய்ந்து இரும்பாகிவிட்டிருந்தது. பேரிங் வைத்த சேடிலைப் போட்டேன். முழு வேலையிலும் நான் ஆடம்பரம் என்று நினைத்து வாங்கியது அது ஒன்றுதான், ஆனால் சின்னச் சின்ன மேடுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு போவதில் அதன் பங்கு எதிர்பார்த்ததை விட அதிகம்.

புஷ் விஷயத்தில் என் முடிவு: திரும்புகிற, கோணம் மாறுகிற எல்லா இடத்திலும் ரப்பர். ஸ்ட்ரட் ராடுக்குப் புது ராடும் புது ரப்பரும். லீஃப் முனையில் சுருட்டிய வளையமான கண்ணிலும், அதைச் சட்டத்தில் தொங்கவிடும் ஷேக்கிளிலும் ரப்பர். பாலியூரித்தேன் ஆன்டி-ரோல் பாரின் கிளாம்பில் மட்டும், அங்கே அது ஒரே அச்சில் சுழல்கிறது, கிரீஸ் தடவினால் போதும். எல்லாமே ரப்பர் என்றால் மழுங்கிவிடும் என்று சொல்வார்கள். புது ரப்பரை ஓட்டிப் பார்க்காதவர்கள் சொல்வது அது. அவர்கள் ஒப்பிடுவது ஐம்பது வருஷம் பழசான ரப்பரோடு.

ரப்பரில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, முதல் தடவை நானும் செய்தேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கீழ் ஆர்ம் போல்ட்டையும் லீஃப் முன்கண் போல்ட்டையும் முழுசாக முறுக்கிவிடுவது. ரப்பர் உள்குழாயோடு ஒட்டியது, முறுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால் அது நிரந்தரமாகத் திருகிக்கொண்டே நிற்கும், வண்டி கொஞ்சம் உயரமாகவும் நிற்கும், ஒரு வருஷத்தில் ரப்பர் கிழியும். எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்க, நான்கு ஓரத்தையும் அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்சு. அடியில் படுக்க இடம் வேண்டுமானால் நான்கு சக்கரத்தையும் பலகை மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் கடைசியாகத்தான் வாங்கினேன், ஒரிஜினலை விட கால்வாசி மட்டும் விறைப்பு அதிகம். முன்பக்கம் 1.2 ஹெர்ட்ஸ் வந்தது, பின்னாலிருக்கிற 1.3-க்குக் கீழே. பிளாக்கைத் தூக்கிப்போட்டு, கண்ணைச் சற்றுக் கீழே வைத்துச் சுருட்டிய புது லீஃப் கட்டு. வண்டி முன்னளவு இறங்காது, ஆனால் இறங்கிய அளவுக்கு லீஃப் முறுக்கிக்கொள்ளாது. அச்சை லீஃபோடு கட்டும் யூ-போல்ட் நான்கும் புதிது, பழையதை மறுபடி மாட்டக் கூடாது, ஒருமுறை இழுத்து இறுக்கியவை அவை.

ஆன்டி-ரோல் பாரைத் தேர்ந்தெடுக்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: விறைப்பு, கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். ஒரிஜினல் 17.5 மி.மீ. கிட்டில் வந்த 28.6 மி.மீ. கம்பி கண்ணுக்கு ஒன்றரை மடங்கு மாதிரி தெரியும், விறைப்பில் ஏழு மடங்கு. அவ்வளவு கனமான கம்பி, ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மறு சக்கரத்தையும் சேர்த்தே இழுக்கும். தனித்தனி சஸ்பென்ஷன் என்று பெயர்தான் மிஞ்சும். ஒரு அங்குலக் கம்பிக்கு வந்தேன், அது நான்கரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. பின்னால் பார் போடவில்லை. ஈரச் சாலையில் குடும்பத்தோடு போகிற முழு அச்சு வண்டிக்கு வால் சீக்கிரம் வழுக்கிக் கிளம்ப வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஷாக்குக்கு, நீளும்போதுள்ள பிடிமானத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகை. மிக மென்மையான நிலையில் ஆரம்பித்து, கால்சுற்று ஏற்றுவேன், அதே ஐந்து கிலோமீட்டர் சாலையில் ஓட்டுவேன், நோட்டில் எழுதுவேன். முன்னால் முக்கால் சுற்றில் நிறுத்தினேன். ஒரு மேடு தாண்டியபின் உடம்பு ஒரு தடவை மேலே வந்து, லேசாகக் கீழே போய் நின்றுவிட வேண்டும். ஒரேயடியாக உறைந்து நின்றால் அது அதிகம்.

அலைன்மென்ட்டுக்குப் போனபோது அங்கிருந்தவர் திரையில் பழைய ஃபேக்டரி அளவுகளை எடுத்தார். கேம்பர் பாசிட்டிவ் பக்கம் (சக்கரத்தின் தலை வெளியே), காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) சொற்பம். கிராஸ்-ப்ளை டயருக்கும் பவர் இல்லாத ஸ்டியரிங்கை லேசாக்குவதற்கும் போட்ட அளவு அது. நான் என் தாளை நீட்டினேன்: கேம்பர் மைனஸ் அரை டிகிரி, காஸ்டர் பிளஸ் இரண்டரை, டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கிப் பார்க்கிற அளவு) மொத்தம் 3 மி.மீ. உள்ளே. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனாலும் பொறுமையாக ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுவந்துவிட்டார். காஸ்டர் கூடியதால் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் கனக்கிறது, உண்மை. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகலாம், விட்டால் தானே நேராகும். ஸ்டியரிங்கைத் திருத்துகிற அந்த ஓயாத வேலை, மூன்று வருஷமாக என் தோளைப் பிடித்திருந்தது, அன்றோடு முடிந்தது.

விளைவைச் சொல்ல ஒரு அளவு இருக்கட்டும் என்று, ஒரே ரவுண்டானாவை ஒரே வேகத்தில் சுற்றி, நண்பனைப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுக்கச் சொன்னேன். பின்பம்பரின் கோட்டைக் கோணமானி வைத்துப் பார்த்தோம். வாங்கியபோது எடுத்த வீடியோவில் 6 டிகிரிக்குப் பக்கம், கிட் போட்டபோது 2-க்குச் சற்று மேல், இப்போது 4. எண்ணைப் பார்த்தால் பின்னடைவு. ஆனால் ஒட்டுப்போட்ட மலைப் பாதையில் இப்போதுதான் பயமில்லாமல் போகிறேன், வளைவின் நடுவில் குழி வந்தால் வண்டி அதை முழுங்கிவிட்டுத் தன் கோட்டிலேயே போகிறது. பிரேக் அடித்தால் மூக்குக் குத்துவது குறையவில்லை, முன்பு தொபுக்கென்று குத்தியது இப்போது நிதானமாக இறங்குகிறது.

எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வரிவரியாகக் கரடு தட்டிய சாலையில், வளைவில், பின் அச்சு இன்னும் பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்கிறது. கனமான முழு அச்சு இருக்கிறவரை அது இருக்கும். ஸ்டியரிங் பாக்ஸின் வேகமின்மையும் அப்படியே. மனைவி மறுபடி வண்டியில் வருகிறார், ஆனால் போன தடவை சொன்னது "பரவாயில்லை" என்பது மட்டும்தான், பின்சீட்டின் குஷனைப் பற்றித் தனியாக ஒரு புகார் இருக்கிறது.

முதல் 800 கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி பார்த்தேன். மேல் ஆர்ம் நான்கும் அசையவில்லை. வலப்பக்கப் பின் யூ-போல்ட் ஒன்று மட்டும் கால்சுற்று வாங்கியது, புது லீஃப் கட்டு அமர்ந்ததால் இருக்கும். இறுக்கிவிட்டு, நட்டிலிருந்து தகடுவரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது கோடு நேராகவே இருந்தது.